சாரல் நாளில் வெள்ளை பூத்த எம்டன்

கேள்வி: புளியரையில் இருக்கிறேன். 1/350 அளவில் எம்டன் போர்க்கப்பல் மாடல் ஒட்டி, சாம்பல் பெயின்ட் அடித்து முடித்தேன். கடைசியாக ஸ்ப்ரே டப்பாவில் லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும், பத்தே நிமிடத்தில் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டணுமா? இதற்குப் புகைபோக்கி மூன்றா, நாலா?

பதில்: சுரண்ட வேண்டாம், கப்பல் பிழைக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்குகிற நாளில் அடித்திருப்பீர்கள். லாக்கரில் உள்ள கரைப்பான் மளமளவென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கிறதே, அதே கதைதான். காற்றிலுள்ள ஈரம் படிந்து, காயாத படலத்துக்குள் சிக்கி வெள்ளையாகத் தெரிகிறது. ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் இன்னும் மோசம்.

சாரலுக்கு நடுவே ஒரு நாள் வெயில் விழாமலா போகும்? அன்று உச்சிப்பொழுதில் அதே கிளியரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பனி விழுகிற மாதிரி லேசாக ஒரு வீச்சு விடுங்கள். பழைய படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். முதலில் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் தூறல் மெல்லிசாக வரும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டினால் நான் லாக்கரைத் தொடுவதில்லை. அவசரமென்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் பூசுவேன். காய நேரமாகும், ஆனால் இப்படிப் பூக்காது.

கம்பங்களின் அடியில் மட்டும் வெள்ளை தெரிந்தால் அது வேறு: சூப்பர் குளூவின் ஆவி படிந்தது. அங்கே சாம்பல் பெயின்டை மறுபடி தொட்டுவிட்டால் போதும். அடுத்த தடவை ஊசிமுனையால் துளியாக வைத்து, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். கம்பங்களுக்கு இடையே கட்டும் நூலையும் கிளியர் காய்ந்தபிறகே கட்டுங்கள்.

புகைபோக்கி மூன்றுதான். 1914-இல் சென்னையில் குண்டு போட்ட இந்தக் கப்பல், ஆங்கிலேயரின் யார்மத் என்ற போர்க்கப்பல் போலத் தெரிய நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கித்தான் துணியில் கட்டிக்கொண்டதுண்டு. அதையும் வைக்க ஆசையென்றால் டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்து உருட்டிச் செய்யுங்கள். மற்ற மூன்றைப் போல வழவழப்பாக வேண்டாம். இரண்டு சுருக்கம் தெரிந்தால்தான் துணி என்று நம்புவார்கள்.