குடிக்கவே இல்லை, ஊதியதில் 38 காட்டியது: அபராதம் கட்டிவிடலாமா?

இரவில் பைக்கில் வந்த உங்களைப் போலீஸார் நிறுத்தி, மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள், 38 காட்டியிருக்கிறது. மதுப் பழக்கமே இல்லை, ஐந்து நிமிடம் முன்னால் இருமல் டானிக் குடித்தேன் என்கிறீர்கள். இன்னொரு முறை ஊதுகிறேன் என்றதற்கு விடாமல், வண்டியை வைத்துக்கொண்டு சலானைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊத மறுத்திருக்கலாமோ, இப்போது கட்டித் தொலைத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

ஊதியது சரிதான். நியாயமான சந்தேகம் இருந்தால் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி ஊதச் சொல்ல மோட்டார் வாகனச் சட்டம் 203வது பிரிவு இடம் தருகிறது. மறுத்தால், குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கும்போது வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அதோடு, தக்க காரணமில்லாமல் மறுத்தால் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ள 205வது பிரிவு அனுமதிக்கிறது. "ஊத மாட்டேன்னு சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

டானிக் விஷயத்துக்கு வருவோம், உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்கும் 185வது பிரிவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அது மதுவிலிருந்து வந்ததா மருந்திலிருந்து வந்ததா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை, அதனால் "மருந்துதான் சார்" என்று மட்டும் சொன்னால் நிற்காது. ஆனால் குடித்த சில நிமிடங்களில் கருவி காட்டுவது பெரும்பாலும் வாயில் தங்கிய ஆல்கஹாலை, ரத்தத்தில் இருப்பதை அல்ல. வாயைக் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் அது போய்விடும். இரண்டாவது முறை கேட்டீர்கள், விடவில்லை என்பதை நீதிமன்றத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கைது செய்திருந்தால் நிலைமை வேறு. ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்பு தந்தே ஆக வேண்டும், 202வது பிரிவின்படி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். உங்களைக் கைது செய்யவில்லை என்பதால் அந்தப் பாதுகாப்பு நேரடியாக வராது. அன்றிரவே நீங்களாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் பெரிய பலமாக இருந்திருக்கும், சரி, அது முடிந்துபோனது.

தயவுசெய்து அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். இது சாலையிலேயே சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றம் அல்ல, யார் கையிலும் பணம் கொடுக்க வேண்டாம், தண்டனையை மாஜிஸ்திரேட்தான் சொல்ல வேண்டும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். வேலை முடிந்தால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது பதிவில் நிற்கும், பின்னால் ஒருநாள் மாட்டினால் இரண்டாவது குற்றமாகி இரண்டு வருடம் வரை சிறை, 15,000 ரூபாய் என்று போகும். லைசென்ஸுக்கும் ஆபத்து.

உடன் வந்தவர் குடிக்காதவராகவும் லைசென்ஸ் உள்ளவராகவும் இருந்தால் வண்டியை அவரிடம் விட வேண்டும் என்று 2021ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் வண்டியைக் கேட்கும்போது எடுத்துச் சொல்லலாம்.

இன்றைக்கே டாக்டர் சீட்டு, மருந்துக்கடை பில், ஆல்கஹால் அளவு அச்சிட்ட டானிக் பாட்டில் மூன்றையும் எடுத்து வையுங்கள். கருவியில் வந்த சீட்டின் நகலையும், அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற சான்றையும் எழுத்தில் கேளுங்கள். நிறுத்திய நேரம், ஊதிய நேரம், யார் யார் இருந்தார்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைத்துவிட்டு, அப்புறம் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.