மெட்ரோ நிலையம் வருமென்று மனை வாங்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டி ஒரு மனை பார்த்திருக்கிறோம். விமான நிலையம்–கிளாம்பாக்கம் மெட்ரோவுக்கான நிலையம் பக்கத்திலேயே வரப்போகிறது என்று தரகர் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டிக் கூடுதல் விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா? பிற்பாடு எங்கள் மனையையே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா?

பதில்: தரகர் காட்டும் வழித்தடம் கற்பனை அல்ல. சுமார் 15.46 கி.மீ. நீளத்தில் 13 நிலையங்களுடன் மேம்பாலப் பாதையாக அதற்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திட்ட அறிக்கையில் நிலையம் என்பது ஏறத்தாழ இன்ன இடம் என்ற குறிப்பு மட்டுமே. மண் பரிசோதனை, நிலத்தடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களும் மின்வாரியக் கேபிள்களும், நெடுஞ்சாலைத் துறையின் மேம்பாலத் திட்டங்கள், நிலம் கிடைக்கும் நிலை ஆகியவற்றைப் பொறுத்து விரிவான வடிவமைப்பின்போது அந்த இடம் முன்னும் பின்னும் நகரக்கூடும். சில நிலையங்கள் கைவிடப்படவும் கூடும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்திலேயே அறிக்கையில் இருந்த சில நிலையங்கள் பின்னர் நீக்கப்பட்டன.

எப்போது வரும் என்பதை ஒப்புதல் செய்திகளை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது. 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதலோ 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மாநில அரசின் நிதியையும் வெளிநாட்டு வங்கிகளின் கடனையும் கொண்டு வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. ஆகவே நான் முதலில் பார்ப்பது, கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, கட்டுமானத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி ஒப்பந்ததாரர் நியமிக்கப்பட்டுவிட்டாரா என்பதைத்தான். ஒப்பந்ததாரர் நியமிக்கப்பட்ட பிறகும் மேம்பாலப் பாதைக்கு நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். அந்த இரண்டாம் கட்டத்தில் பூந்தமல்லிப் பக்கம் 2021-இல் வேலை தொடங்கி, முதல் சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில்தான் நடந்தது. சோதனை ஓட்டத்துக்குப் பிறகு மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் முடிந்தாக வேண்டும்.

சாலையோரத்தில் துளையிடும் இயந்திரத்தைக் கண்டதுமே வேலை தொடங்கிவிட்டது என்று சொல்லி விலையை ஏற்றுவதும் உண்டு. மண் மாதிரி எடுக்கும் இந்தத் துளைகள் திட்ட அறிக்கை நிலையிலேயே போடப்படுபவை. சாலையின் நடுவே தடுப்புத் தகடுகள் அடைத்து, ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டிக் குழாய்களும் கேபிள்களும் போகும் வழியைப் பார்த்து, அவற்றை ஓரமாக மாற்றிப் பதிக்கத் தொடங்கினால்தான் அது கட்டுமானத்தின் அறிகுறி. தூண்களைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் பைல் அடித்தளம் அதற்குப் பிறகு வரும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேம்பால நிலையத்தின் தூண்கள் பெரும்பாலும் சாலைக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் படிக்கட்டு, மின்தூக்கி, நகரும் படி ஆகியவை அடங்கிய நுழைவாயில்களும் வாகன நிறுத்துமிடமும் சாலையின் இருபுறமும் உள்ள நிலத்தில்தான் இறங்க வேண்டும். அதனால், நிலையத்துக்கு மிக அருகில் என்று எந்த மனைக்குக் கூடுதல் விலை சொல்லப்படுகிறதோ, அதற்கே கையகப்படுத்தும் ஆபத்தும் அதிகம். முழு மனையையும் எடுத்தால் கணக்கு ஒருவாறு தீர்ந்துவிடும். முகப்பில் ஒரு பட்டை மட்டும் போய், மீதி இடத்தில் விதிப்படி இடைவெளி விட்டு வீடு கட்ட முடியாமல் போவதுதான் பெரிய தொல்லை.

சென்னை மெட்ரோவுக்குப் பெரும்பாலும் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், 1997-இன் கீழ் நிலம் எடுக்கிறார்கள். முதலில் பிரிவு 3(2)-இன்படி உரிமையாளரிடம் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். பிறகு 3(1)-இன்படி அரசிதழில் அறிவிக்கை வெளியாகும். இழப்பீடு 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது: வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் உள்ள விலை ஆகியவற்றில் கூடுதலானதை அடிப்படையாகக் கொண்டு, அதற்குமேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் (கட்டாயமாக நிலத்தை இழப்பதற்கான கூடுதல் தொகை) சேர்ப்பார்கள். பத்திரத்தில் காட்டாமல் கையில் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் எங்குமே வராது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று தரகர் சொன்னால் அதை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். பதிவான ஆவணங்கள்தான் அதில் தெரியும், மெட்ரோவின் வரைபடம் தெரியாது. சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறிப்பிட்டு, அந்த நிலம் வழித்தடத்துக்கோ நிலையத்துக்கோ தேவைப்படும் பட்டியலில் உள்ளதா என்று சென்னை மெட்ரோ நிறுவனத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். மனையிலிருந்து நிலையம் வரை நடந்தும் பாருங்கள்: ஜி.எஸ்.டி. சாலையையோ தண்டவாளத்தையோ கடக்க வேண்டியிருந்தால் வரைபடத்தில் 500 மீட்டராகத் தெரிவது நடையில் இரட்டிப்பாகிவிடும்.

மெட்ரோ வராவிட்டாலும் இந்த விலைக்கு, இப்போதுள்ள புறநகர் ரயிலையும் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் நம்பி வாங்குவீர்களா என்று யோசித்து, ஆம் என்றால் வாங்குங்கள். மனுவுக்குப் பதில் வரும்வரை சிறு முன்பணத்தோடு நிறுத்திக்கொண்டு, நில எடுப்புப் பட்டியலில் மனை இருப்பதாகத் தெரியவந்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.