ஆபீசுக்குப் பிக்கப் சரிப்படுமா? கேள்வி பதில்

கோவையில் டீசல் வண்டிகளுக்கான பட்டறை நடத்துகிறேன். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்ற இரண்டு பிக்கப்பும், அதாவது முன்னால் கார் போல சீட்டும் பின்னால் திறந்த லோடு பாடியும் உள்ளவை, என்னிடம் வழக்கமாக வருகிற வண்டிகள். "தினமும் வேலைக்குப் போய்வர இதை வாங்கலாமா" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

மேடவாக்கத்திலிருந்து ஒருவர்: சார், அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். ஹைலக்ஸ் மேல் ரொம்ப நாளாக ஆசை. பார்க்கிங்கில் அடங்குமா?

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். ஹைலக்ஸ் நீளம் 5,325 மில்லிமீட்டர். வி-கிராஸும் கிட்டத்தட்ட 5.3 மீட்டர். நம் ஊர் அடுக்குமாடிகளில் ஒரு காருக்கு ஒதுக்குகிற இடம் பொதுவாக 2.5-க்கு 5 மீட்டர். பின் பம்பரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் முன்பக்கம் ஒரு அடி பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்வரிசையில் இருப்பவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் உங்களைக் கூப்பிடுவார்.

உங்கள் இடத்தில் சாக்பீஸால் 5.3 மீட்டர் நீளம், 1.86 மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். பக்கக் கண்ணாடிகள் அதற்கும் வெளியே வரும். தூண் எங்கே இடிக்கிறது, கதவைத் திறந்து ஆள் இறங்க முடியுமா என்று பாருங்கள். அப்புறம் திருப்பம். இன்னோவா கிரிஸ்டா 5.4 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். இந்த இரண்டுக்கும் 6 மீட்டருக்கு மேல் வேண்டும். பேஸ்மென்ட் சரிவில் ஒரே மூச்சில் ஏறுகிற வளைவை நீங்கள் ரிவர்ஸ் போட்டு, மறுபடி ஒடித்து ஏற வேண்டிவரும். பின்னால் நான்கு கார் காத்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

ஆபீஸ் பார்க்கிங்கிலும் இதே அளவை எடுங்கள். இரண்டு இடத்திலும் அடங்கினால்தான் மேற்கொண்டு பேசலாம். என்னிடம் வந்தவர்களில் பிக்கப்பைச் சீக்கிரமே விற்றவர்கள் பெரும்பாலும் நிறுத்த இடமில்லாமல்தான் விற்றார்கள். மைலேஜ் பிரச்சினை என்று சொன்னவர் குறைவு.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: ஆபீஸ் பெருங்குடியில், வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். வண்டிக்கு உழைப்பே இல்லை, நல்லதுதானே?

இல்லை தம்பி, வண்டிக்கு அதுதான் கெடுதல். இந்தியாவில் இந்த இரண்டும் டீசல் மட்டுமே. பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு கரி வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் வெளியேற்றும் கரி அதில் சேரும். ஓரளவு சேர்ந்ததும் வண்டி கூடுதலாக டீசலைச் செலுத்தி, புகையின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரித்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் விடாமல் சீராக ஓட வேண்டும்.

வேளச்சேரி நெரிசலில் ஊர்ந்துபோய்ப் பெருங்குடியில் அணைத்துவிட்டால் எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். மறுநாளும் அப்படியே. எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் தண்ணியாக இருக்கும். அடுத்து டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால் செலவு லட்சத்தில் பேசும்.

வாரத்தில் ஒருமுறை ஈசிஆரிலோ ஜிஎஸ்டி சாலையிலோ அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்ட முடியுமென்றால் சமாளிக்கலாம். முடியாதென்றால் உங்கள் ஓட்டத்துக்குச் சின்னப் பெட்ரோல் காரோ மின்சாரக் காரோதான் சரி.

திருச்சியிலிருந்து ஒருவர்: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். டீசல் செலவு தாங்குமா?

ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். 100 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்றால் 9,300. 16 கொடுக்கிற பெட்ரோல் ஹேட்ச்பேக்கில், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், ஏறக்குறைய 6,300. வித்தியாசம் மாதம் 3,000. இந்த விலையில் வண்டி வாங்குகிறவரை இது அசைக்காது. 18 அங்குல டயர் செட், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் மூன்றையும் விசாரித்து அதோடு கூட்டிப் பாருங்கள். உண்மையான வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: பின்சீட்டில் மாமனார், மாமியார், பையன். அவர்களுக்கு வசதியாக இருக்குமா?

இந்த வண்டிகளில் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங் என்கிற வளைந்த இரும்புப் பட்டை. லோடு சுமப்பதற்காகப் போட்டது. பின்னால் எடை இல்லாதபோது பட்டை மடங்காது. வேகத்தடையில் முன்சக்கரம் மெத்தென்று ஏறி இறங்கும், பின்சக்கரம் தூக்கிப் போடும். ஓட்டுகிறவருக்கு அது பாதிதான் தெரியும், பின்சீட்டில் இருப்பவர் முழுதாக வாங்குவார். சீட்டின் முதுகும் கார் அளவுக்குச் சாயாது. ஏறும் உயரமும் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பக்கப்படி கட்டாயம் வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு மாமனாரையும் மாமியாரையும் கூட்டிப்போங்கள். ஷோரூம்காரர் காட்டுகிற நல்ல சாலையில் ஓட்ட வேண்டாம். உங்கள் தெரு, பையனின் பள்ளி இருக்கும் தெரு என்று தினமும் போகிற வழியிலேயே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். முதியவர்கள் தினமும் வருவார்கள் என்றால் என் ஓட்டு இன்னோவாவுக்குத்தான்.

உடுமலைக்காரர்: அண்ணா, வேலை கோயம்புத்தூர்லங்க, தோப்பு உடுமலை பக்கம். வாரக் கடைசி உரம், சொட்டுநீர்க் குழாய், தேங்காய்னு ஏதாவது ஒண்ணு ஏத்தணும். வாங்கலாங்களா?

உங்களுக்குத்தான் தம்பி இந்த வண்டி. வாரநாளில் ஆபீஸ், சனிக்கிழமை எழுபது கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அப்புறம் தோப்பு மண்பாதை. டிபிஎஃப் தானாகச் சுத்தமாகிவிடும், பட்டைக்கும் வேலை கிடைக்கும். லோடு ஏறியதும் வண்டி நிதானமாக உட்கார்ந்து ஓடுவதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒன்று, எடை. யூரியா மூட்டை 45 கிலோ. பத்து மூட்டை 450 கிலோ ஆகிவிடும். வண்டியின் அனுமதித்த மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் கணக்கு. அதற்குள் உள்ளே உட்காருகிற ஆட்களின் எடையும் அடக்கம். ஐந்து பேரும் ஏறி மூட்டையும் ஏற்றினால் சீக்கிரம் தாண்டிவிடும். மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள்.

இரண்டு, வெள்ளை போர்டு. உங்கள் தோப்புச் சாமானை நீங்கள் கொண்டுபோகலாம். பக்கத்துத் தோப்புக்காரரின் தேங்காயை வாடகைக்கு ஏற்றினால் அது மஞ்சள் போர்டு வேலை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும். தோப்பு ஆட்களை லோடு பாடியில் ஏற்றுவதும் கூடாது. பக்கம்தானே என்று விடாதீர்கள், ஒரு திருப்பத்தில் ஆள் தெறித்து விழுந்தால் உயிர் திரும்பாது.

சேலத்திலிருந்து ஒருவர்: எனக்குத் தோட்டம் எதுவும் இல்லை. வீடு மாற்றும்போது, பைக் ஏற்ற, மரச்சாமான் வாங்க உதவுமே என்று பார்க்கிறேன்.

வருடத்தில் எத்தனை முறை? அந்த நாளுக்கு ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடியுங்கள். அதில் பிக்கப்பை விட அதிகமாக ஏற்றலாம், டிரைவரும் கை கொடுப்பார். இந்த வண்டிகளின் லோடு பாடி சுமார் ஒன்றரை மீட்டர்தான். சாதாரண பைக்கே 2 மீட்டர் நீளம். பின்கதவைத் திறந்துவைத்துக் கயிறு கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: காய்கறிப் பை, லேப்டாப் எல்லாம் எங்கே வைப்பது?

பின்சீட்டில். டிக்கி கிடையாது என்பது வாங்கிய பிறகுதான் பலருக்கு உறைக்கிறது. திறந்த பாடியில் வைத்தால் மழையில் நனையும், சிக்னலில் எவரும் கை விட்டு எடுக்கலாம். பூட்டுகிற மேல்மூடியைக் கம்பெனி அக்சசரியாகவே வாங்கிப் போடுங்கள். வெளியில் உயரமான கூண்டு அடித்தால் ஆர்டிஓவில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கூடலூரிலிருந்து ஒருவர்: மழைக்காலத்தில் 4x4, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி, போட்டே ஓட்டலாமா?

தார்ச்சாலையில் வேண்டாம். முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் இவற்றில் கிடையாது. பிடிப்புள்ள சாலையில் வளையும்போது முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். முடியாமல் கியர் அமைப்பு முறுக்கேறும். ஸ்டியரிங் இறுகுவதும் வண்டி தத்துவதும் அதனால்தான். சேறு, மணல், தோட்டப்பாதைக்கு மட்டும் 4x4.

ஓசூரிலிருந்து ஒருவர்: இரண்டில் எது அண்ணா?

பிடதியில் தயாராகும் ஹைலக்ஸில் 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். ஃபார்ச்சூனரின் எஞ்சின்தான், அதனால் பழகிய மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். ஸ்ரீசிட்டியில் தயாராகும் வி-கிராஸில் 1.9 லிட்டர், 163. அதில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற மாடலில் ஆட்டோமேட்டிக் உண்டு. சமவெளியில் தினசரி ஓட்டத்துக்கு அதுவே தாராளம். ஓசூருக்கு எந்த சர்வீஸ் சென்டர் பக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: பழைய வி-கிராஸ் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பட்டையைப் பாருங்கள். வெறும் வண்டியில் அது வளைந்து நிற்க வேண்டும். தட்டையாகப் படுத்திருந்தால் அளவுக்கு மீறி லோடு அடித்த வண்டி. லோடு பாடியின் பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றச் சொல்லித் தரைத் தகட்டில் ஒடுக்கு இருக்கிறதா பாருங்கள். விற்பவர் கழற்றத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். 4x4 என்றால் மண்தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், காரணம் மேலே வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதுதான். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.