அடிக்குறிப்பை எப்போது போடுவது?

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் சான்று தேடிக்கொண்டிருந்தால் எழுத்து நின்றுவிடுகிறது. முழுதாக எழுதி முடித்துவிட்டு அடிக்குறிப்புகளைச் சேர்த்தால் போதும் என்கிறாள் தோழி. எது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தோழி சொல்வது பாதி சரி. புள்ளி, காற்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஸொட்டேரோ போன்ற மென்பொருளே அதைச் செய்துவிடும். ஆனால் எந்த நூல், எந்தப் பக்கம் என்பதை அந்த வரியை எழுதும் கையோடு குறித்துவிட வேண்டும்.

உங்கள் தலைப்பையே பாருங்கள். நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் விவரங்களைத் தொகுத்த நூலை 'ஸ்டேட் மேனுவல்' என்று மட்டும் எழுதிவைத்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே குழப்பம் வரும். அந்தப் பெயரில் இரண்டு நூல்கள் உண்டு. நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் 1906-ல் வந்தது. வேலுப்பிள்ளையுடையது 1940-ல். கோதையாற்றின் குறுக்கே கட்டிய பேச்சிப்பாறை அணை திறந்ததும் 1906-ல்தான். ஒருவர் அணை வரும் காலத்தில் எழுதினார். மற்றவர் கோதையாற்றுத் தண்ணீர் முப்பது வருடத்துக்கு மேல் பாய்ந்த பிறகு எழுதினார். குளங்களைப் பற்றிப் பேசும்போது இவரை அவராக மாற்றிவிட்டால் உங்கள் வாதமே சரிந்துவிடும்.

பழைய திருவிதாங்கூர் ஆவணங்களில் வரும் கொல்லம் ஆண்டும், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கும், அப்படித்தான். ஆங்கில ஆண்டாக்க 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பது மாதத்தைப் பொறுத்தது. மாதத்தைக் குறிக்காமல் விட்டால் திரும்ப மூலத்துக்கே போகணும்.

இன்னொன்று, எனக்கு நடந்தது. என் பழைய நோட்டிலிருந்து ஒரு பத்தியை என்னுடையது என்று நம்பிக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். அது வேறொருவர் எழுதியது. அச்சுக்குப் போகும் முன் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. அன்றைய பதற்றம் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் பிறர் சொல்லை எடுத்தெழுதும்போது மேற்கோள் குறியைப் போட்டுவிட்டுத்தான் முதல் சொல்லையே எழுதுகிறேன். குளத்தங்கரையில் ஒரு பெரியவர் சொல்லும் தகவலுக்கும் இதே கவனம் வேண்டும். அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் கரையை விட்டு இறங்கும் முன் எழுதிவிடுங்கள்.

எழுத்து வேகமாக ஓடும்போது சான்று கைக்குக் கிடைக்காவிட்டால் 'சான்று?' என்று மஞ்சள் தீட்டிவிட்டு மேலே போங்கள், தப்பில்லை. அன்றைக்குத் தூங்கப் போகும் முன் அந்த மஞ்சளை மட்டும் பாருங்கள். அப்புறம், இதுவரை எழுதிய பக்கங்களுக்கு இந்த வாரமே நூற்பெயரும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள், நூலகத்துக்குப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் முன்.