நிலத்தை அடகு வைக்காதீர்கள், அண்ணாச்சி

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா 90 அடி ரோட்டில் முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிறார். சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். பெண் பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ். "சார், இவ படிக்காம கிண்டல் படம் எடுத்துட்டுத் திரியுறா, நீங்க நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்றார். சென்னையில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 14 லட்சம். அதற்கு ஊரில் இருக்கிற நிலத்தை அடகு வைப்பதாக முடிவாகிவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கையில் செல்போனை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் நானும் வழக்கம்போல, கவலைப்படாதீர்கள், இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்றேன். அப்புறம் அந்த அம்மா போனை நீட்டினார். படம் ஆறு நிமிஷம். ஒரு ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்தைக் கிண்டல் செய்து, சால் எனப்படும் ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நான்கு பிள்ளைகள் எடுத்தது. ஹீரோவின் அங்கி நீலத் தார்ப்பாய். விண்கலம் ஒரு இட்லிப் பாத்திர மூடி. கேமரா ஆடுகிறது, நடிப்பு சுமார், பாதி ஜோக் எடுபடவில்லை. இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

விண்கலம் கிளம்பும் சத்தம், குக்கர் விசிலுக்குச் சற்று முன்னால் சீறும் ஆவி. அதை மெதுவாக்கி, அடியில் மிக்சி ஓடும் உறுமலைச் சேர்த்திருக்கிறாள் அந்தப் பெண். வில்லன் நடக்கும்போது கேட்பது, சிமெண்ட் தரையில் அரிசி மூட்டை விழும் சத்தம். ஒவ்வொன்றும் காலடிக்குச் சரியாகப் பொருந்துகிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லலை சார். படம் பார்க்க சீப்பா இருந்துச்சு. சத்தம் மட்டும் பெரிய படம் மாதிரி இருந்தாத்தான் சிரிப்பாங்கன்னு தோணுச்சு" என்றாள்.

அண்ணாச்சி, அன்று உங்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். உங்களைப் போலத் தவிக்கிற வேறு அப்பா அம்மாவும் படிக்கட்டும்.

ஸ்பூஃப், அதாவது கிண்டல் படம் என்றாலே வேலையற்ற வேலை என்று உங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். விஜய் டிவியில் 'லொள்ளு சபா' பார்த்துச் சிரித்தவர்தானே நீங்கள்? சந்தானம் அங்கிருந்து வந்தவர்தான். நம் மும்பையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டரில் இருக்கிறது மாலேகாவ், விசைத்தறி ஊர். அங்கே வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக், 2000இல் சுமார் 50 ஆயிரம் ரூபாயில் 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். அப்புறம் ஒரு தறித் தொழிலாளியை சூப்பர்மேனாக்கி இன்னொரு படம். அந்த முயற்சியைப் பற்றி வந்த ஆவணப்படம் உலகத் திரைப்பட விழாக்களுக்குப் போனது. ஆனால் இதைச் சொல்வது, உங்கள் பெண்ணும் டைரக்டர் ஆவாள் என்று ஆசை காட்ட அல்ல. அப்படி ஒரு வாக்குறுதியை நான் யாருக்கும் தருவதில்லை. நான் கவனித்தது அவள் காது.

கேலி செய்யப்படும் பெரிய படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒளிவாளின் ரீங்காரம் எதிலிருந்து வந்தது தெரியுமா? பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டிவி பெட்டியின் இரைச்சலையும் கலந்து செய்தது. செய்தவர் பென் பர்ட். அவர் கல்லூரியில் படித்தது இயற்பியல். மறு வருஷமே அந்தப் படத்தைக் கேலி செய்து 'ஹார்ட்வேர் வார்ஸ்' என்று 13 நிமிஷக் குறும்படம் வந்தது. அதில் விண்கலங்களாகப் பறப்பவை இஸ்திரிப் பெட்டியும் ரொட்டி டோஸ்டரும். பெரிய படமோ அதைக் கேலி செய்யும் சின்னப் படமோ, இரண்டுக்கும் சரக்கு வீட்டுச் சாமான்தான். மொட்டை மாடியில் உங்கள் பெண் செய்ததும் அதே தொழில்.

அந்தத் தொழிலுக்கு ஃபோலி என்று பெயர். பேசும் படம் வந்த 1920களின் கடைசியில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இதைத் தொடங்கிவைத்த ஜாக் ஃபோலியின் பெயரே தொழிலுக்கு நிலைத்துவிட்டது. படப்பிடிப்பில் மைக் பெரும்பாலும் வசனத்தைத்தான் பிடிக்கும். வளையல் சத்தம், புடவை உரசல், டம்ளர் வைக்கும் ஓசை, மாடிப்படியில் காலடி, இதெல்லாம் பிற்பாடு ஸ்டுடியோவில் படத்தைப் பார்த்துக்கொண்டே கையாலும் காலாலும் செய்து பதிவு செய்வது. தரையில் கட்டம் கட்டமாக மணல், ஜல்லி, பலகை, டைல்ஸ் பதித்திருப்பார்கள். மூலையில் பழைய செருப்பு, ஷூ, பூட்டு, கதவு, தகரம் குவிந்து கிடக்கும். சோளமாவுப் பையை அமுக்கினால் பனியில் நடக்கும் சத்தம். தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் குதிரை. தோல் கையுறையை உதறினால் பறவைச் சிறகு.

இந்த ஊரில் இதற்கு வேலை இருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஒரு படத்தை வேறு மொழிக்கு டப் செய்யும்போது, வசனம் இல்லாமல் இசையும் மற்ற சத்தங்களும் மட்டும் உள்ள தனி டிராக் வேண்டும். பழைய வசனத்தை எடுத்தால் அதோடு பதிவான காலடியும் கதவுச் சத்தமும் போய்விடும். அந்த ஓட்டையை ஃபோலிதான் அடைக்கிறது. தமிழ்ப் படம் இந்திக்குப் போகிறது, இந்தித் தொடர் தமிழுக்கு வருகிறது. அந்தேரிப் பக்கம் டப்பிங், சவுண்ட் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் தாராவிப் பிள்ளைக்குத் தெருவிலேயே கிடைத்துவிட்டது. அது அங்கே எவ்வளவு பெரிய பலம் என்று நீங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

சரி, படிப்பு. பி.எஸ்சி. இயற்பியல், மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில். வீட்டிலிருந்தே போய் வரலாம். பட்டம் முடித்ததும் புனே திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐயில் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புப் பிரிவுக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும். மத்திய அரசு நிறுவனம், மூன்று வருஷம். அந்தப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். உங்கள் பெண் படிக்கிறாள். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர். இடங்கள் மிகக் குறைவு, முதல் தடவையே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் இருக்கும் நிறுவனத்துக்கும் எழுதட்டும். இரண்டும் கிடைக்காமல் போனாலும் கையில் ஒரு இயற்பியல் பட்டம் இருக்கும், ஆசிரியர் பயிற்சிக்கோ எம்.எஸ்சி.க்கோ போகலாம், தலைக்கு மேல் கடன் இருக்காது.

பி.எஸ்சி. படிக்கும் வருஷங்களில் கல்லூரிக் கட்டணம் போக ஆகும் செலவு, 10 அல்லது 12 ஆயிரம் ரூபாயில் ஒரு கைக்கடக்கமான ரெக்கார்டர், ஒரு நல்ல ஹெட்போன். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும், ஒலிக்கான பகுதியும் அதிலேயே இருக்கிறது. இதற்கு மேல் எவராவது, லட்சக்கணக்கில் கட்டினால் ஒரே வருஷத்தில் சவுண்ட் இன்ஜினியர் ஆக்குகிறேன் என்றால் அங்கேயும் கட்டாதீர்கள். இன்ஜினியரிங் சீட்டுக்குச் சொன்ன அதே வார்த்தைதான் அதற்கும்.

பெண்ணிடம் ஒன்று கறாராகச் சொல்லிவிடுங்கள். மூலப் படத்தின் பின்னணி இசையை வெட்டி ஒட்டக் கூடாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கு இடம் தருகிறது, ஆனால் கேலிப் படம் என்ற சொல் அதில் இல்லை. யூடியூபில் போட்டால் உரிமை கோரல் வரும். அதைவிட முக்கியம், நாளை ஸ்டுடியோவில் போய்க் காட்டும்போது ஒவ்வொரு சத்தமும் அவள் செய்ததாக இருக்க வேண்டும்.

வருமானத்தைப் பற்றியும் மறைக்க மாட்டேன். உதவியாளராகச் சேரும் முதல் சில வருஷம் மாதச் சம்பளம் என்று ஒன்று நிலையாக வராது. அதனால்தான் கடனில்லாமல் தொடங்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெண்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போவாளா என்ற உங்கள் பயம் நியாயமானது. ஃபோலி வேலை மூடிய அறைக்குள் இரண்டு மூன்று பேரோடு நடப்பது. முதல் தடவை நீங்களும் தாதரில் வண்டி மாறி அவளோடு போய், இடத்தையும் ஆட்களையும் பார்த்து, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டு வாருங்கள். மனது ஒப்பவில்லை என்றால் வேறு ஸ்டுடியோ பார்க்கலாம்.

பெரியப்பா கோபித்துக்கொள்வார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடகு போகிற நிலம் அவருடையது அல்ல, நாலு வருஷம் வகுப்பில் உட்காரப்போவதும் அவர் அல்ல. அன்று என் அறையில் இன்ஜினியரிங் என்ற பேச்சு வந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் தலை குனிந்தாள். குக்கரைப் பற்றிக் கேட்டதும் நாற்காலி நுனிக்கு வந்து பேசினாள். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்றீர்கள். கட்டாதீர்கள். பெரியப்பாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். பெண்ணிடம் இரண்டு நிமிஷக் காட்சி ஒன்றைச் சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறேன். ஒரு கிழவர் மழையில் கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு நடந்து போகிறார், அவ்வளவுதான். அதற்கான சத்தம் முழுவதையும் அவள் செய்து கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் ரெக்கார்டரோடு வந்து நிற்பாள். ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக இறக்குங்கள்.