அடிபடாத கை ஏன் அசைய மறுக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது கையும் காலும் வரவில்லை. கையில் எந்த அடியும் படவில்லையே, பிறகு ஏன்? நரம்பு மண்டலம் எப்படித்தான் வேலை செய்கிறது?

சென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஸ்ட்ரோக் வந்தவர் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. அப்பாவின் கையில் ஓடும் நரம்புகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. பழுது மூளையின் இடது பக்கத்தில். பீச் ஸ்டேஷனில் சிக்னல் விழாவிட்டால் தாம்பரத்தில் காத்திருப்பவருக்கு ரயில் வராது. அதற்காகத் தாம்பரத்துத் தண்டவாளத்தைச் சரிசெய்து என்ன பயன்?

மண்டைக்குள் மூளை, முதுகெலும்புக்குள் தண்டுவடம். இரண்டும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடம்பெங்கும் போகின்றன. அவை புற நரம்பு மண்டலம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் ஆகியவற்றை நாம் நினைக்காமலேயே நடத்துவது தானியங்கி நரம்புகளின் வேலை.

அப்பா கையை நீட்ட நினைக்கிறார் என்று வையுங்கள். உச்சந்தலையிலிருந்து காதுப்பக்கமாக இறங்கும் ஒரு பட்டை பெருமூளையில் இருக்கிறது. கட்டளை கிளம்பும் முக்கியமான இடம் அதுதான். அங்குள்ள நரம்பு செல்லின் நீண்ட இழை மூளைத்தண்டு வழியாக இறங்கி, அதன் கடைசிப் பகுதியான முகுளத்தின் அடியில் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் முடிகிறது. இழைகளில் பெரும்பாலானவை இப்படித் தாண்டிவிடுவதால்தான் இடது மூளையின் பாதிப்பு வலது கையில் தெரிகிறது. கழுத்திலிருந்து இரண்டாவது செல் புறப்பட்டுத் தசையைத் தொடுகிறது. நேர்வழியில் பார்த்தால் மூளைக்கும் தசைக்கும் நடுவே இந்த இரண்டே செல்கள்! கால் பெருவிரலுக்கும் இரண்டேதான். அங்கே இரண்டாவது செல்லின் இழை முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதம் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகிறது. எத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தாலும் இது எனக்கு அதிசயம்தான்.

செய்தி போவது மின்சாரமாக. ஓய்வில் செல்லின் உட்புறம் வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ஓரிரு மில்லிசெகண்டில் அந்த நிலை தலைகீழாகிறது. அந்த மாற்றம் இழை நெடுக ஓடுகிறது. மயலின் என்ற கொழுப்புறை சுற்றிய தடித்த இழைகளில் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். மந்தமான வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவுதான். இழை முடிந்து தசையைத் தொடும் இடத்தில் சிறு இடைவெளி உண்டு. அதைக் கடக்க அசிடைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது.

ஸ்ட்ரோக்கில் பழுதாவது முதல் செல்லின் பாதை. முதுகு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும்போது பழுதாவது இரண்டாவது. டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவது இதைப் பிரித்தறியத்தான். தட்டிய உணர்வு தண்டுவடம் வரை போய், மூளையைக் கேட்காமல் அங்கேயே திரும்பிக் காலை உதறவைக்கும். இரண்டாவது செல் கெட்டிருந்தால் உதறல் குறையும், தசை துவண்டு மெலியும். முதல் செல் கெட்டால் மேலிருந்து வரும் கட்டுப்பாடு போய்விடுவதால், சில நாள்களிலோ வாரங்களிலோ உதறல் அதிகமாகி, கை இறுகி மடங்கும். அப்பாவுக்கு இனி விரல்கள் இறுகினால் பலம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பலமாக இழுத்து நிமிர்த்தவும் வேண்டாம்.

எண்ணெய் தேய்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மெதுவாகத் தேய்த்தால் அவருக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். இறந்த மூளை செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் பக்கத்திலுள்ள பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள வைப்பது, அவரே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. நாம் அவர் கையைப் பிடித்து ஆட்டுவது அதற்கு ஈடாகாது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அந்தக் காலத்தை வீணாக்கிவிடாதீர்கள். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக 1990களில் கண்ணாடிப் பயிற்சியை உருவாக்கினார். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரு கைகளையும் அசைக்க முயலும் அந்த முறையை இன்று ஸ்ட்ரோக்குக்கும் பயன்படுத்துகிறோம். உங்கள் பிசியோவிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சுக்கான பகுதிகளும் இடது மூளையில்தான் இருக்கின்றன. அப்பாவுக்குப் பேச்சு குழறினாலும், நாம் பேசுவது அவருக்குப் புரிந்துகொண்டிருக்கலாம். அவர் எதிரில் செலவைப் பற்றியோ, இனி தேறுவாரா என்றோ பேசவே பேசாதீர்கள்.

ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். பிரஷர், ஷுகர் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு மாறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். நடுராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.