அடியில்லாத மரைக்கால்

ஐயா,

களுவாஞ்சிகுடியில் ரியூஷன் வகுப்பு நடத்துகிறேன். தரம் 8 படிக்கும் பையன் ஒருவன், "சேர், 12ஐப் பூச்சியத்தால் வகுத்தால் என்ன?" என்று கேட்டான். "வரையறுக்கப்படாதது, பாடமாக்கு" என்றேன். "ஏன் சேர்?" என்று விடாமல் கேட்டான். கோபத்தில் வெளியே நிற்கவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. போன் கல்குலேட்டரும் பிழை என்றே காட்டுகிறது. ஆனால் நம் பழைய கணித மேதை பாஸ்கரர் அன்றே முடிவிலி என்று சொல்லிவிட்டாராமே? நம் முன்னோர் சொன்னதைப் பாடப்புத்தகம் ஏன் மறைக்கிறது?

— ர.

அன்புள்ள ர.,

கல்குலேட்டரை விடுங்கள், எழுதிக் கொடுத்ததைத்தான் அது காட்டும்.

முன்னோருக்கு வருவோம். எந்த முன்னோர்? 628இல் பிரம்மகுப்தர், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர், பூச்சியத்தால் வகுத்தால் எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பூச்சியத்தால் வகுத்து வருவதை முடிவில்லாதது என்று சொல்லி விஷ்ணுவுக்கு ஒப்பிட்டார். மூன்று பேரும் பெரிய மூளைக்காரர்கள், ஆளுக்கொரு விடை. உங்களுக்குப் பிடித்தவரை மட்டும் முன்னோர் ஆக்கிக்கொண்டு, மறைக்கிறார்கள் என்று வழக்கு வைக்கிறீர்கள். பாஸ்கரரை இதைவிட மரியாதையாக நடத்தலாம். அவர் சொன்னதைச் சரிபார்த்துப் பாருங்கள்.

12ஐ 0.1ஆல் வகுத்தால் 120, 0.01ஆல் வகுத்தால் 1200. ஏறிக்கொண்டே போகிறது, சரி. -0.1, -0.01 என்று மறுபக்கத்தால் வாருங்கள்: -120, -1200. இரண்டு பக்கத்தாலும் நெருங்குவது அதே பூச்சியத்தைத்தான். விடைகளோ எதிரெதிராக ஓடுகின்றன. அதோடு 12க்கும் முடிவிலி, 7க்கும் முடிவிலி என்றால், திரும்பப் பூச்சியத்தால் பெருக்கும்போது எது வரவேண்டும், 12ஆ, 7ஆ?

இதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது "வெளியே நிற்கவிட்டேன்" என்ற சொல். நானும் இதே கேள்விக்காக ஒரு வெயில் நேரம் முழுக்க முழங்காலில் நின்றவன். எனக்கு விடை வகுப்பறையில் கிடைக்கவில்லை, நெல் சூடடிக்கும் களவெட்டியில் கிடைத்தது.

பள்ளி விடுமுறைக்குக் குருமண்வெளித் துறையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் அம்மப்பாவின் வயலுக்குப் போவோம். சூடடித்துத் தூற்றிய நெல் குவிந்து கிடந்தது. பெரியவர்கள் நல்ல மரைக்காலால் அளந்துகொண்டிருந்தார்கள். ஓரமாகப் பழைய மரைக்கால் ஒன்று கிடந்தது, செல்லரித்து அடி கழன்றது. அதை எடுத்துக் குவியலின் மறுபக்கம் குத்தி அள்ளினேன். தூக்கினால் நெல் சரசரவென்று இறங்கிவிடும். நான் விடவில்லை, சத்தமாக எண்ணிக்கொண்டே அள்ளினேன்.

"எத்தினை மரைக்கால் மனே?" என்றார் அம்மப்பா.

"முப்பத்தேழு."

"குவியல் குறைஞ்சிதா?"

களவெட்டிக்குள் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது என்பது அவர் கட்டளை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"மறுகா என்னத்த எண்ணினாய்?"

அன்று வெட்கம்தான் வந்தது. பிறகு வகுப்பில் முழங்காலில் நின்ற அந்த நாளில்தான் அம்மப்பாவின் கேள்வி புரிந்தது. 12ஐ 3ஆல் வகுப்பது என்றால் மூன்று மூன்றாக எடுத்து எத்தனை தரத்தில் தீர்கிறது என்று பார்ப்பது, நான்கு தரம். பூச்சியம் பூச்சியமாக எடுத்தால்? முப்பத்தேழு தரம் எடுத்தாலும் 12 அப்படியே கிடக்கிறது, முப்பத்தேழு கோடி தரம் எடுத்தாலும் கிடக்கிறது. 'மிகப் பெரிய எண்' ஒன்று எங்கோ ஒளிந்திருக்கவில்லை. குவியல் தீர்வதே இல்லை. தீராத அளவைக்கு எண்ணிக்கை ஏது?

குவியலே இல்லாத வெறும் தரையை அதே மரைக்காலால் அளந்தால் கதை வேறு. ஒரு தரமும் சரி, நூறு தரமும் சரி, ஒருவரும் பிழை சொல்ல முடியாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது அது. முன்னதில் எந்த விடையும் பொருந்தாது, இதில் எல்லா விடையும் பொருந்தும். இரண்டு வேறு நோய்களுக்கும் 'வரையறுக்கப்படாதது' என்று ஒரே சீட்டை ஒட்டி, பிள்ளையைப் பாடமாக்கச் சொல்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, எனக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான்.

பரீட்சையில் என்ன எழுதுவது என்று கவலைப்படாதீர்கள், அதே சொல்லை எழுதட்டும். நாளைக்கு அடி வெட்டிய பால்மா டின் ஒன்றும் நாலு சுண்டு அரிசியும் வகுப்புக்குக் கொண்டு போங்கள். வெளியே நிறுத்திய பையனை முன்னால் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். எத்தனையில் கைவிட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.